மாயெஸ்த்ரோவைப் பார்க்காத பாடகர்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் வேலை செய்த வீடுகளில் சத்தமே இல்லாத வீடு ஓர் இசையமைப்பாளருடையது என்றால் யார் நம்புவார்கள்? லிபெர்த்தா பகுதியில் நான்காம் மாடி. காலையில் நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகும்போது கிழவர் பியானோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவருடைய மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் கணவர் மன்னாரில் இருந்தார். சண்டை மூண்டால் மாதக்கணக்கில் அவரிடமிருந்து ஒரு செய்தியும் வராது. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு தனிமையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சூப் குடித்தோம்.

இத்தாலியில் இசைக்காரர்களை மாயெஸ்த்ரோ என்று மரியாதையாக அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் ஸ்லோவேனியர். சிறு வயதில் கல்யாண வீடுகளில் அக்கோடியன் வாசித்துத் தொடங்கி, பிறகு தலைநகர வானொலியின் நடன இசைக்குழுவை நடத்தியவர். அவர் மெட்டமைத்த பாடல்களைப் பேருந்துச் சாரதிகளும் முணுமுணுத்தார்களாம். கடற்கரை ஊரொன்றின் பாட்டு விழாவுக்குப் பாட வந்த பலெர்மோப் பெண்ணைக் கல்யாணம் செய்து, ஓய்வு பெற்றதும் அவளுக்காக இங்கே வந்துவிட்டார். வந்த பிறகு அவருடைய பழைய நாடு துண்டு துண்டாக உடைந்தது. இதையெல்லாம் நான் துணி அயர்ன் பண்ணும்போது சொல்லுவார். முதலில் எனக்குப் பாதி விளங்காது. விளங்கியது மாதிரித் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவார், பொல்லாத மனுசன்.

ஒருநாள் அவருடைய ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பழைய பாடல்களுக்கு ஒரு விழா எடுக்கிறார்களாம். அவர் முகம் மலர்ந்ததை நான் குசினியில் சமைத்தபடியே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வாடியதையும் பார்த்தேன். இசைக்குழுவை நடத்தப்போவது ஓர் இளைஞன். இவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் போதுமாம். அவர் வரமாட்டேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று சாப்பிடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, சாவதற்கு முன் இன்னும் ஒரு தடவை ஆட்களுக்கு முன்னால் நின்று பாட்டை நடத்தக் கையைத் தூக்க வேண்டும், வேறு ஆசையில்லை என்றார்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் தமிழ்ப் பாடகர் குழு ஒன்று உண்டு. எல்லோரும் என்னைப்போல வீட்டு வேலைக்காரர்கள்தான். அவருடைய மனைவியின் ஆண்டுப் பூசை முடிந்ததும், அவளுக்காக மாயெஸ்த்ரோ எழுதிய பாடலை அவர் நடத்த நாங்கள் பாடலாமா என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். அவர் சம்மதித்தார். பாட்டு ஒரு வால்ஸ், சோடியாக ஆடுகிற துள்ளல் பாட்டு. "அவள் அழுகையை வெறுத்தாள், வேகமாகப் பாடுங்கள்" என்று மாயெஸ்த்ரோ திரும்பத் திரும்பச் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் எங்களுக்கு லீவு. போர்கோ வெக்கியோவில் ஒரு மண்டபத்தில் பாட்டைப் பழகினோம். ஸ்லோவேனியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண் தாளிலும் ஒரு கண் அவர் கையிலுமாகப் பாடினோம். பிழை விட்டால் எரிந்து விழுவார். எங்கள் ஆட்களுக்கு அது பிடித்துப்போனது. வேலை செய்யும் வீடுகளில் வாங்குகிற ஏச்சு வேறு, இது வேறு. பெரியவரைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று பாட்டு முழுவதையும் பாடமாக்கினோம். தாள் இல்லாமலே பாடுவோம் என்று முடிவெடுத்தோம்.

அங்கேதான் பிழை நடந்தது. பூசை முடிந்தது. பழைய கறுப்புக் கோட்டோடு அவர் முன்னால் வந்து கையைத் தூக்கினார். நாங்கள் தொடங்கினோம். பீடத்துக்கு முன்னால் நின்று பாடினால் எங்கள் சனத்துக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். சிறு வயதிலிருந்து அப்படித்தான். கண்ணைத் திறந்து வேடிக்கை பார்த்துப் பாடுகிறவள் பக்தியில்லாதவள். கையில் தாள் இருந்தவரை திறந்திருந்த கண்கள் எல்லாம் அன்று மூடிக்கொண்டன. கண் மூடியதும் பாட்டும் இழுபட்டது. செத்தவளுக்கான பாட்டுத்தானே என்று துள்ளல் பாட்டை ஒப்பாரி மாதிரி இழுத்தோம்.

அவள் அழுகையை வெறுத்தாள் என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. கண்ணைத் திறந்தேன். மாயெஸ்த்ரோ இரண்டு கைகளையும் அந்தரத்தில் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. பாட்டு அவர் இல்லாமலே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அத்தனை தனியாக நின்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

நான் பார்ப்பதை அவர் கண்டார். வலது கை மெல்ல அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் கேட்ட வேகம் அதுதான். நான் அந்தக் கையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பாடினேன். குழு ஒரு பக்கம் இழுக்க, நான் மறுபக்கம் ஓடினேன். ஒரு கோவிலுக்குள் இரண்டு பாட்டு. அவர்களுக்கு முன்பே முடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கமாயிருந்தது.

வெளியே வந்ததும் குழுத் தலைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊர் ஓடினால் ஒத்தோட வேணும். நீர் ஒராள் எங்கை ஓடினனீர்? எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டீர்." ஓம் அக்கா, பிழைதான் என்றேன். மாயெஸ்த்ரோ எல்லோருக்கும் கை கொடுத்து நன்றி சொன்னார். எல்லோரிடமும் மிக அழகாகப் பாடினீர்கள் என்றார். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை எனக்கு முன்னால் நடந்தார். எனக்கும் கோபம் வந்தது.

இரவுச் சாப்பாட்டை வைத்துவிட்டு நான் புறப்பட்டபோது அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இரண்டாம் சரணத்தில் நீ பிந்திவிட்டாய்" என்றார். "என் கை வந்துவிட்டது. நீ வரவில்லை."

கல்யாண வீடு, வானொலி, கடற்கரை விழா என்று அவர் நடத்திய இசைக்குழுக்களில் எல்லாம் அவர் ஏச ஆட்கள் இருந்தார்கள். இப்போது அதற்கு நான் ஒருத்திதான். எனக்குச் சந்தோசமாயிருந்தது. நான் போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு, சரணத்தைத் தொடக்கத்திலிருந்து காட்டச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார்.