தென்காசிக்குக் கிழக்கே சிற்றாறு கறுத்துக் கிடக்கிறது

காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் என் மனைவி கோமதிக்கு உடம்பு தேறவில்லை. நான் திருநெல்வேலியில் ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். நான் கலக்கிக் கொடுத்த மருந்தையெல்லாம் குடித்து அலுத்தவள், "குற்றாலத்துக்காவது கூட்டிட்டுப் போங்க" என்றாள். சென்ற ஆவணிக் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைத்தது. கிளம்பிவிட்டோம்.

காலை ஏழு பத்துக்கு ரயில். நாற்பத்தைந்து மைல் தூரத்தைக் கடந்து பத்து மணிக்குத் தென்காசியில் இறக்கிவிட்டது. மூன்றாம் வகுப்பு, ஆளுக்குப் பதினோரு அணா. ஸ்டேஷன் வாசலில் குதிரைவண்டிக்காரர்கள் எட்டணா கேட்பார்கள், ஆறணாவுக்கு வருவார்கள். மேலகரம் வழியாகக் குற்றாலம் மூன்றரை மைல், முக்கால் மணி நேரம். எங்களுக்கு வாய்த்தவர் மாடசாமி. குதிரையை அடிக்காமல், அதனோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்.

சாரல் ஓய்கிற நேரம். அருவியில் தண்ணீர் குறைவு, கூட்டமும் குறைவு. இரண்டு நாள், காலையும் மாலையும் குளித்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் கோமதி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதோடு ரயிலேறியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை அதே வண்டியில் தென்காசிக்குத் திரும்பும்போது, பேச்சுவாக்கில் என் தொழிலைச் சொன்னேன். மாடசாமி வண்டியை நிறுத்திவிட்டார்.

"கம்பவுண்டர் சார், எந் தங்கச்சி இசக்கிக்குக் கையெல்லாம் புண்ணு. ஆறு மாசமா ஆறல. தென்காசிக்குக் கிழக்க ரெண்டு மைலுதான். ரயிலு நாலு மணிக்குத்தான? ஒரு எட்டு பாத்துட்டுப் போறியளா?"

மறுக்கத் தோன்றவில்லை. சிற்றாற்றங்கரையோடு போகிற மண்பாதை. இசக்கியின் ஊர் வருவதற்கு முன்பே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கரையில் நீளமான ஓட்டுக் கொட்டகை ஒன்று நின்றது. நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை, வந்து இரண்டு வருடமாகிறதாம். ஜெர்மன் டப்பாவில் வருகிற கறுப்புச் சாயம். சுவரடியில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு மண் ஓடை. சாயத்தொட்டியில் மிஞ்சியதெல்லாம் அந்த ஓடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. அதற்குச் சற்றுக் கீழேதான் ஊர் வயல்களுக்குப் பாய்கிற வாய்க்கால் பிரிகிறது.

இசக்கியம்மாள் வாய்க்காலில் நின்று வண்டல் வாரிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் கரையேறி இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சீழ் கோத்திருந்தது. கணுக்காலிலும் அப்படியே. என்னிடம் இருந்த துத்தநாகக் களிம்பைத் தடவிவிட்டு, "கொஞ்ச நாளைக்குச் சேத்துல கை வைக்காதம்மா" என்றேன்.

"வைக்காம எப்படி சார்? வண்டல் அள்ளலேன்னா தண்ணி ஏறாது. தண்ணி ஏறுனா நாத்து கருகுது. போன மாசம் கன்னுக்குட்டி ஒண்ணு இதைக் குடிச்சிட்டு விழுந்துட்டு. தாசில்தார்ட்ட மனு கொடுத்தோம். வந்தாவ, கொட்டகைல காப்பி குடிச்சாவ, தண்ணி தெளிவாத்தான் ஓடுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ."

தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. விஷம் அடியில் கிடந்தது. கால் கழுவ இறங்கிய கோமதி கணுக்கால் வரை புதைந்தாள். கரி போன்ற சேறு, அதன்மேல் நீலமாக ஒரு பளபளப்பு. அவள் ஏறி வந்தபோது காலில் இருந்த வெள்ளிக் கொலுசு கறுத்துப் போயிருந்தது. கந்தகச் சத்து பட்டால் வெள்ளி அப்படித்தான் ஆகும். எனக்குத் தெரிந்த சங்கதி அது. தாசில்தாருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கொலுசைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளின்னா கறுக்கத்தான் செய்யும். சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொல்லும்" என்றார்.

"இந்தப் பொம்பளை கையைப் பாருங்க. இதை எதைப் போட்டுத் தேய்க்கச் சொல்லுதிய?"

"ஆத்துல விட்டா ஆறு அடிச்சிட்டுப் போயிரும்வே. ஆமா, நீரு எந்த ஆஸ்பத்திரி? உம்ம டாக்டரு பேரு என்ன?"

கொலுசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு கடிதம் போட்டால் என் வேலை போய்விடும் என்ற பயம். அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

இசக்கியம்மாள் வெளியே போனாள். மண்வெட்டியை எடுத்து, அந்தக் கறுப்புச் சேற்றையே வெட்டிச் சுவரோட்டையில் அப்பினாள். மாடசாமி கல் கொண்டுவந்து அடுக்கினார். கோமதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல் சுமந்தாள். பிறகுதான் எனக்குச் சொரணை வந்து நானும் சுமந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே தொட்டியைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முற்றத்தில் ஏறி, சிட்டம் சிட்டமாகச் சுற்றி அடுக்கியிருந்த வெள்ளை நூலை நனைத்தது. மேனேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏட்டி, போலீசைக் கூப்பிடுவேன்! எடுட்டி கல்லை!"

"தெளிவான தண்ணிதான சார்? நில்லுங்க அதுல, ஒண்ணும் செய்யாது" என்றாள் இசக்கியம்மாள்.

போலீஸ் வரவில்லை, வந்தால் ஓடையையும் பார்ப்பார்கள் என்று அவர் யோசித்திருக்கலாம். எங்களுக்கு ரயில் தவறியது. மறுநாள் காலை ரயிலில் ஊர் வந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆனி, ஆடியில் போங்கள், தண்ணீர் நிறைய இருக்கும். எண்ணெயும் துண்டும் கொண்டுபோங்கள், அங்கே விலை அதிகம். அருவியில் குளிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தென்காசிக்குக் கிழக்கே ஆற்றில் இறங்காதீர்கள், குடிக்கவே குடிக்காதீர்கள். நமக்கு இறங்காமல் வந்துவிட முடியும். அங்கே பயிர் வைத்திருப்பவர்களுக்கு முடியாது.

நேற்று மாடசாமியின் கடிதம் வந்தது. பட்டறைக்காரர்கள் ஓடையை மாற்றிவிட்டார்களாம். இரண்டு பர்லாங் நீட்டி, இசக்கியம்மாள் ஊர் வாய்க்காலைத் தாண்டி, அடுத்த ஊர் வாய்க்காலுக்கு மேலே விட்டிருக்கிறார்களாம். தன் வயல் தப்பித்தது என்று இசக்கியம்மாள் உட்கார்ந்துவிடவில்லை. அந்த அடுத்த ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வியாழக்கிழமை கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு வருகிறாள்.

டாக்டரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். சேற்றில் என்ன இருக்கிறது என்று கலெக்டரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். வேலை போனாலும் பரவாயில்லையா என்று கேட்டார். வியாழக்கிழமை வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.