நான் எடுத்துவிட்ட ‘ஆம்’

என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் இடது ஓரத்தில் ஓர் எழுத்து இருக்கும். கண்ணால் பார்த்தது ‘பா’, வாசித்தது ‘வா’, பிறர் சொல்லக் கேட்டது ‘கே’. பக்க எண்களையும் நானே போடுவேன். லண்டனுக்கு வந்த ஆண்டில் தொடங்கிய பழக்கம். வெம்பிளியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தும்போதும் இதையே கேட்பேன்: உனக்கு இது எப்படித் தெரியும்?

இவ்வளவு ஒழுங்கு பார்க்கிற நான்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

எங்கள் சங்கத்தின் காலாண்டிதழில் உலக அரச குடும்பங்களைப் பற்றி எழுதி வந்தேன். சென்ற குளிர்காலத்தில் ஜப்பான். அரண்மனையின் ஆங்கில அறிவிப்புகளை வாசித்துக் குறிப்பெடுத்தேன். யார் யாருடைய பிள்ளை, சாதாரண குடிமகனை மணக்கும் இளவரசி ஏன் அரச குடும்பத்தை விட்டு விலகவேண்டும் என்பதெல்லாம் சரியாகவே வந்தது. ஓர் இளவரசி பொது நிகழ்ச்சிகளில் ஏன் அதிகம் தோன்றுவதில்லை என்பதற்கு மட்டும் அறிவிப்புகளில் காரணம் கிடைக்கவில்லை. ஓர் இணையதளத்தில் கிடைத்தது. அதை ஒரு வாக்கியமாக்கி, பிறர் சொல்வது என்று காட்டக் கடைசியில் ‘ஆம்’ சேர்த்தேன். அந்தக் காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு முறை உலாவும்.

இதழாசிரியர் என்னைவிட இளையவர். தொலைபேசியில் அழைத்தார்.

“ரீச்சர், இந்த ‘ஆம்’ சந்தைக் கதை மாதிரிக் கிடக்கு. எடுத்துவிடுவமே?”

“ஓம், எடுங்கோ.”

எடுத்தபின் வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது.

குளிர் விட்ட பிறகு வகுப்பின் ஆண்டு விழா வந்தது. மதியச் சாப்பாட்டில் ஒரு மாணவியின் தாய் என் பக்கத்தில் அமர்ந்து, அந்த இளவரசியின் கதையை எனக்கே சொன்னார்.

“உங்களுக்கு ஆர் சொன்னது?”

“இதென்ன கேள்வி ரீச்சர்? நீங்கள்தானே எழுதினனீங்கள்.” வடையைப் பிட்டுக்கொண்டே அடுத்ததற்கு வந்தார். “உங்கட தங்கச்சி எட்மண்டனிலதானே? இப்ப ஒண்டுக்கும் வாறேல்லை. வீட்டில ஏதோ பிரச்சினையாம்?”

லண்டனிலேயே, வடக்கே எட்மண்டனில் இருந்தும் தங்கை ஓராண்டாக எந்த விழாவுக்கும் வருவதில்லை. காரணத்தை எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். வேறு ஒருவர் காதுக்கும் போகக்கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

“அதை அவவிட்டைத்தான் கேக்கவேணும்” என்றேன்.

“அப்ப ஏதோ இருக்கு” என்றார் அவர், திருப்தியோடு.

நான் இல்லையென்று சொல்லாததே அவருக்கு ஆதாரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஜப்பான் குறிப்புகளை எடுத்தேன். அந்த வாக்கியத்துக்குக் கீழே என் கையெழுத்தில், ‘அரண்மனை மறுக்கவில்லை’ என்று இருந்தது. ஓரத்தில் ‘வா’. வாசித்தது உண்மைதான். ஆனால் அந்த இணையதளம் இன்னோர் இணையதளத்தைப் பார்த்து எழுதியிருந்தது. அது ஒரு வார இதழைப் பார்த்து. வார இதழோ ‘குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர்’ சொன்னதாக. ‘கே’ என்று போட்டிருக்க வேண்டியது. அதுவும் நான் கேட்டதல்ல.

ஞாயிற்றுக்கிழமை எட்மண்டனுக்குப் போய் எல்லாவற்றையும் தங்கையிடம் சொன்னேன். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“நீ என்ன சொன்னனி?”

“உன்னட்டைக் கேக்கச் சொன்னன்.”

“நல்லது. அந்தப் பிள்ளையிட்டை நீ கேட்டனியோ?”

“எந்தப் பிள்ளை?”

“ஜப்பான் பிள்ளை.”

நான் தேநீரைக் குடித்தேன்.

“என்ர கதையையும் எழுதி வைச்சிருக்கிறியோ அக்கா?”

“ஓம். ஆனால் ஒருத்தரும் வாசிக்காயினம்.”

“உனக்குப் பிறகு? ரீச்சரின்ர பிள்ளையள். தமிழ் நல்லா வாசிப்பினம்.”

அன்று மாலையே இதழாசிரியரை அழைத்து, திருத்தம் போடவேண்டும் என்றேன்.

“ஜப்பானில ஆர் ரீச்சர் எங்கட புத்தகம் வாசிக்கினம்?”

“வெம்பிளியில வாசிக்கினம்.”

“அப்ப அந்த ‘ஆம்’ஐத் திரும்பப் போட்டாப் போதாதோ?”

அதை யோசித்துப் பார்த்தேன். ‘ஆம்’ இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அந்த இளவரசிக்கு அதனால் ஒன்றும் மாறியிராது. இரண்டு வரி எழுதி அனுப்பினேன்: ‘சென்ற இதழின் ஜப்பான் கட்டுரையில் ஓர் இளவரசியைப் பற்றிய ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதை நான் எழுதியிருக்கக்கூடாது.’

“இதைப் பாத்திட்டு எல்லாரும் பழைய இதழைத் தேடப் போகினம்” என்று சிரித்தார். தேடியும் இருப்பார்கள். அதைத் தடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு எட்மண்டனுக்குப் போனேன். தங்கை நின்றபடியே தன் பக்கத்தை வாசித்தாள்.

“இந்தச் சொல்லை நான் சொல்லேல்லை” என்று ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

அவள் வாயிலிருந்தே கேட்டு, அன்றைக்கே எழுதியது. ஓரத்தில் ‘கே’ என்று சரியாகத்தான் போட்டிருந்தேன்.

கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, தாளை நேராக வெட்டிக் கொடுத்தேன். அவள் அதை நான்காக மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். மறுபக்கத்தில் இருந்த கவுன்சில் கடிதமும் இரண்டு நாள் மழையும் அதோடு போயின. இப்போது என் நாட்குறிப்பில் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து இருநூற்றுப் பதினைந்து. எண்களை நான் மாற்றவில்லை.