குன்றின் மேல் ஐம்பது வாட்

ரொட்டித் துண்டின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தபடியே, இடது கையால் சிறு வானொலியின் பொத்தானை அழுத்தித் தன் அழைப்புக்குறியைச் சொல்கிறார் ஹால்வார். பொத்தானை விட்டதும் காதைச் சாய்க்கிறார். வீட்டுக்குப் பின்னால், குன்றின் உச்சியில் இருக்கும் ரிப்பீட்டர் அரை நொடி இரைந்துவிட்டு அடங்குகிறது. அந்த இரைச்சல் சரியாக இருந்தால்தான் ரொட்டி வாய்க்குப் போகும். இல்லையென்றால் ரொட்டி மேசையிலேயே கிடக்கும். மனிதர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குன்றேறிவிடுவார். அவர் மனைவி போர்கில் அந்த ரொட்டியின் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பாள்.

எழுபத்து மூன்று வயது. முப்பத்தோரு ஆண்டுகள் மின்கம்பம் ஏறியவர். தீவில் எண்பது பேர் இருக்கிறோம். அமெச்சூர் வானொலி உரிமம் ஆறு பேருக்குத்தான் உண்டு. படகில் இருப்பவன் கையடக்க வானொலியில் பேசினால் பாறைத்தீவுகளைத் தாண்டிக் கேட்காது. அந்த மெலிந்த குரலை ரிப்பீட்டர் வாங்கி, வலுவாக்கி, மறுபடி சொல்லும். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் வெளித்தீவில் கடற்பறவைகளை எண்ணிக்கொண்டு தனியாக இருக்கும் ஓட்வினுக்கும் கேட்கும்.

உயரம் என்றால் ஹால்வாருக்கு ஒரு பித்து. மனிதர்களின் பெயரை மறந்தாலும் அவர்கள் வீடு கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதை மறக்கமாட்டார். "கடைக்காரி வீடு ஆறு மீட்டர், பாவம். அவளுக்கு ஒண்ணுமே கேக்காது" என்பார். நாங்கள் இந்தத் தீவுக்குக் குடிவந்த அன்று, கைகுலுக்குவதற்கு முன்பே, நாங்கள் எழுபத்தெட்டு மீட்டரில் இருக்கிறோம் என்று தெரிவித்துவிட்டார்.

இப்போதெல்லாம் நகரத்து வானொலிச் சங்கத்திலிருந்து யாராவது வந்து, ரிப்பீட்டருக்கு இன்னும் சக்திவாய்ந்த பெருக்கியாக வாங்கலாமே என்றால், அவர் குரல் தாழ்ந்துவிடும். "வாட்டைக் கூட்டிக் கூட்டி என்ன பண்ணப் போறீங்க? படகுக்காரன் கையில இருக்கறது அஞ்சு வாட். அவன் குரல் இங்க வந்து சேர்ந்தாத்தானே நாம திருப்பிச் சொல்ல முடியும்? ஆன்டெனாவை ரெண்டு மீட்டர் தூக்குங்க. அது பிரயோஜனம்."

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் இப்படிப் பேசவில்லை. பேசவில்லையே தவிர, விஷயம் தெரியாதவர் அல்ல. ஊரெல்லாம் உண்டியல் குலுக்கி, சங்கம் அந்த ஆண்டுதான் ஐம்பது வாட் பெருக்கி வாங்கிக் கொடுத்திருந்தது. பொருத்திய அன்று நகரத்திலிருந்து பன்னிரண்டு பேர் கேக்கோடு படகேறி வந்தார்கள். இந்த ஹெல்கெலாண்ட் கடற்கரையிலேயே பெரியது என்று அவரைத் தோளில் தட்டினார்கள். ஒரு மாதம் அவர் கால் தரையில் பாவவில்லை.

அந்த மாதத்தில்தான் தூருன் அவர் வீட்டுச் சமையலறைக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்கும் ஹால்வார் வீட்டுக்கும் நடுவில் இருந்தது அவள் வீடு. தீவுப் பள்ளியில் ஆசிரியை. கணவன் ஆர்வே மீன்பிடி படகு வைத்திருந்தான். இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இப்போது மூன்றாவது, நாலாம் மாதம். அவள் படுக்கையறை ஜன்னலுக்கு நாற்பது மீட்டரில் ரிப்பீட்டரின் ஆன்டெனாக் கம்பம் நின்றது. குழந்தை பிறக்கும் வரை அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தணித்து வைக்க முடியுமா என்று கேட்டாள். அணைக்கச் சொல்லவில்லை.

ஹால்வார் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். இத்தனை வாட், ஆன்டெனா இத்தனை மடங்கு, இவ்வளவு தூரம். மூன்று மீட்டருக்குள் போய் நின்றால்தான் ஆபத்து. நாற்பது மீட்டரில் இருக்கும் அவளுக்கு வருவது, அனுமதித்த அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாம் சரியான கணக்கு. நான் பிறகு வேறு ஒருவரிடம் காட்டிக் கேட்டிருக்கிறேன். ஒரு புள்ளி தப்பில்லை.

தூருன் தாளைப் பார்த்தாளாம். "கணக்கு தப்புன்னு நான் சொல்லல, ஹால்வார். எனக்குத் தூக்கம் வரல. அதான் கேக்கறேன்."

அதற்கு அவர் சிரித்தார். தூக்கத்துக்கு அளவுகருவி தன்னிடம் இல்லை என்றார். போர்கில் இதை என்னிடம் சொன்னபோது, அந்த நேரம் தான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்ததாகவும், கோப்பை நிரம்பி வழிந்ததைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். பத்து நாள் கழித்து ஊர்க்கூட்டத்தில், யாரோ ஆன்டெனாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்க, அவர் அந்தத் தாளைத் திரையில் பெரிதாகக் காட்டி விளக்கினார். பெயர் சொல்லவில்லை. எண்பது பேர் தீவில் பெயர் எதற்கு? கடைசியில், அடுப்பங்கரையில் உருளைக்கிழங்கு வேகவைக்கும் சூட்டுக்குப் பயப்படாதவர்கள் இதற்கும் பயப்பட வேண்டாம் என்றார். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். கையில் வாஃபிள் தட்டு இருந்தது, எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டேன். இரண்டாம் வரிசையில் தூருன் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெருநிலப்பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். அந்த ஊர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் கம்பம் எதுவும் இல்லை. ஆறாம் மாதம் அங்கேயே அந்தக் குழந்தையும் போயிற்று.

செய்தி வந்த மறுநாள் ஹால்வார் கடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் வந்து அவர் முதுகில் தட்டி, தாழ்ந்த குரலில், ஆறுதல் சொல்வதுபோலவே சொன்னார்: "பாத்தியா? ஆன்டெனா இல்லாத ஊர்லயும் அதேதான் நடந்துச்சு. நீ சொன்னது சரியாப் போச்சு."

ஹால்வார் கூடையைத் தரையில் வைத்தார். மீனும் உருளைக்கிழங்கும் பால்பெட்டியும் அப்படியே இருந்தன. வெளியே போய்விட்டார். கடைக்காரி அதையெல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

அன்று பிற்பகல் அவர் குன்றேறுவதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அங்கே என்ன செய்தார் என்பது எனக்குத் தெரிய ஏழு ஆண்டுகள் ஆயின. கம்பத்துக்கு வண்ணம் பூச நான் உதவிக்குப் போயிருந்த ஒரு நாள், பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே ஒரு சிறு திருகைக் காட்டினார். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். அன்று ஐம்பதிலிருந்து பத்துக்கு இறக்கியிருக்கிறார்.

"இறக்கிட்டு உக்காந்திருந்தேன். யாராவது கூப்பிட்டுத் திட்டுவாங்கன்னு. ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். ஓட்வின்கிட்ட நானே கேட்டேன், எப்படிக் கேக்குதுன்னு. மணி மாதிரி கேக்குதுன்னான்." கதவைச் சாத்திவிட்டு, தூரிகையை எடுத்துப் பூசிய இடத்தையே மறுபடி பூசினார். "எனக்குத் தெரியும். அவ கேட்ட அன்னைக்கே தெரியும். ஒருத்தருக்கும் ஒண்ணும் குறையாதுன்னு."

குழந்தை போன ஆண்டே ஆர்வே வீட்டை விற்றான். சாமான் ஏற்ற வந்தபோது ஹால்வார் போய் ஒரு முனையைப் பிடித்தார். இருவருமாகக் குளிர்பதனப் பெட்டியையும் கட்டிலையும் படகுத்துறைக்குச் சுமந்தார்கள். வேலை தவிர வேறு பேச்சு இல்லை. தூருன் வரவில்லை. ஹால்வார் அவளுக்குக் கடிதம் எழுதுவார், போர்கில் சொல்லியிருக்கிறாள். முதல் பாதி முழுக்க எண்களாகவே வந்துவிடுகிறதாம். அதனால் அனுப்புவதில்லை.

சென்ற நவம்பரில் ஆர்வேயின் தந்தை இறந்தார். அடக்கத்துக்குத் தூருன் வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. சடங்கு முடிந்து மாலைப் படகுக்குக் காத்திருந்தபோது துறையில் நாங்கள் நாலைந்து பேர்தான். ஆர்வே பயணச்சீட்டு வாங்க உள்ளே போயிருந்தான். ஹால்வார் அவளிடமிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் பக்கத்தில் வந்தாள்.

"மேல இன்னும் அந்த ஐம்பதுதானா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றால் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு எண்ணை மாற்றிச் சொல்ல வராது.

"பத்து."

"எப்போலேருந்து?"

"குழந்தை போன மறுநாள்லேருந்து."

அவள் சற்று யோசித்தாள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள்தானே. "யாராவது ரேடியோ சரியா கேக்கலைன்னு சொன்னாங்களா?"

"இல்ல, தூருன். ஒருத்தர்கூட சொல்லல."

படகின் முன்கதவு சங்கிலிச் சத்தத்தோடு இறங்கியது. அவள் தலையை ஒருமுறை அசைத்தாள். சரி என்றா, தெரியும் என்றா, எனக்குப் புரியவில்லை. தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு, ஆர்வேயோடு உள்ளே போனாள். ஹால்வார் வலது கையுறையைக் கழற்றினார். தடித்த கம்பளிக் கையுறை. மணிக்கட்டில் நாடா முடிச்சு இருந்தது, பல்லால் இழுத்து அவிழ்க்க வேண்டியிருந்தது. அவர் கை வெளியே வருவதற்குள் கதவு மேலே எழுந்துவிட்டது. படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டும் வரை அவர் அந்த வெறுங்கையை, குலுக்குவதற்கு நீட்டுகிற அளவுக்கு, முன்னால் வைத்துக்கொண்டே நின்றார்.