ஊற்றடியில் ஓதிய புருல்ச்சா

ஓஷ் நகரத்துக் கல்லூரியில் மதவியல் படிக்க நானும் புருல்ச்சாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தோம். மதங்களை வெளியே நின்று ஆராய்வதுதான் எங்கள் படிப்பு. அவளுடைய மலைக்கிராமத்தில் அது யாருக்கும் புரியவில்லை. பெண் மோல்தோவுக்கு, அதாவது சாவு வீடுகளில் வேதம் ஓதுகிறவர் ஆவதற்கு, படிக்கிறாள் என்று நினைத்து, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளை ஓதக் கூப்பிட்டார்கள். விளக்கிச் சொல்ல வெட்கப்பட்டு, இவளும் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஓதினாள்.

"நீ மாணவியா, மோல்தோவாடி?" என்று விடுதியில் சீண்டுவேன்.

"ரெண்டும்தான். உனக்கும் சேத்து ஓதட்டா?" என்பாள்.

கடைசி வருடம் துறையில் ஒரே ஓர் ஆசிரியர் இடம் காலியானது. வேண்டுதல் துணிகள் கட்டும் ஊற்றடி ஒன்றுக்கு எங்கள் இருவரையும் அனுப்பி, நல்ல குறிப்பு எடுத்து வருபவருக்கே வேலை என்றார் பேராசிரியர் தோலோன் அகாய். அப்படி ஒரு வேலைக்காகத்தான் நான்கு வருடமும் முதல் மதிப்பெண் வாங்கினேன்.

ஊற்றைப் பார்த்துக்கொள்ளும் கிழவி ஊல்கான் அபா எனக்கு முதல் கோப்பை டீயையே விளிம்பு வரை ஊற்றினாள். எங்கள் பக்கத்து வழக்கத்தில், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்; கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் இரு என்று அர்த்தம். புருல்ச்சாவுக்கோ இரண்டு மிடறு, மறுபடி இரண்டு மிடறு. ஒன்பது தடவை. உட்கார்ந்து எண்ணினேன். பிறகு, இறந்துபோன தன் மகனுக்காக ஓதச் சொன்னாள் அபா. புருல்ச்சா மண்டியிட்டு ஓதினாள். அபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

ஓஷ் திரும்பியதும் நேரே பேராசிரியரிடம் போனேன். "அகாய், அவ ஆராயல. மண்டி போட்டு ஓதினா. விதிய மீறிட்டா."

அவர் புருல்ச்சாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஓதினேன் அகாய். புள்ளயப் பறிகொடுத்தவங்க கேக்குறாங்க, மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அதையும் நோட்டுல எழுதியிருக்கேன்."

இரண்டு நோட்டுகளையும் படித்து முடித்து, என்னுடையதை என் முன்னால் வைத்தார்.

"ஷைர்குல், இதுல ஊத்து எங்கம்மா? 'அவளுக்கு ஒன்பது தடவ டீ.' 'அவளப் பாத்துதான் சிரிக்கிறாங்க.' பக்கத்துக்குப் பக்கம் புருல்ச்சாதான் இருக்கா. நீ என்னத்தப் பாத்துட்டு வந்த?"

வேலை அவளுக்குப் போனது. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். ஆராய்ச்சிக்குப் போனவர் கண் எங்கே தவறும் என்று காட்ட, புருல்ச்சா வருடாவருடம் வகுப்பில், துறையிலேயே தங்கிவிட்ட என் நோட்டைத்தான் வாசிக்கிறாளாம். எழுதியது யாரென்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லையாம். பெயரைச் சொல்லிக் கேவலப்படுத்தியிருந்தால், அவளை வெறுத்துவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.