எந்த ‘இல்ல’?

கத்தரியக்காவிடம் தலையைக் கொடுப்பவர்கள் காதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பெண்களுக்கு முடி திருத்தும் கடையில் நாளெல்லாம் நின்றபடி வேலை. கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, யார் மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் தெரியாமல் சுற்றுகிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் கதையை மட்டும் இப்போது மூச்சுவிட மாட்டாள். விடக்கூடாது என்று அவள் வழக்கை நடத்தும் வக்கீலம்மா உத்தரவு போட்டிருந்தார். வாயாடி ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்த நீதிபதியாலும் கொடுக்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன் அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்த பெரிய ஆஸ்பத்திரி, புற்றுநோய் என்றது. வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் பத்திரமாக இறக்கிவிடுகிறவன், அன்றைக்கு ஆஸ்பத்திரி லிப்டுக்குள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றான். மார்பையும் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் பெரிய டாக்டர் கட்டில் அருகே வந்தார். சிரித்த முகத்தோடு, “ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க” என்றார்.

இனிமேல் ஒன்றும் இல்லை, எல்லாம் எடுத்தாயிற்று என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது? புருஷன் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் கடைக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்க அந்த டாக்டரின் புகழ்தான் பாடினாள்.

பிறகு, முடிச்சுகளை எடுத்த பக்கம் என்பதால், இடது கை வீங்க ஆரம்பித்தது. சீப்பைப் பிடித்து முடியைத் தூக்கிக் காட்டும் கை அது. கொஞ்ச நேரம் உயர்த்தினாலே கல்லாய்க் கனத்தது. வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, வேறொரு டாக்டரிடம் போனாள். அவர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். எடுத்த சதையைப் பதித்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகளை வரவழைத்து வேறொரு சோதனை நிபுணரிடம் காட்டினார். எடுத்த மார்பில் புற்றுநோயே இல்லை, முதலில் ஊசியில் வந்த துளியிலும் இருந்ததாகத் தெரியவில்லை, அது சாதாரணக் கட்டி என்று பதில் வந்தது. அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நோய் இல்லை என்று சிரிக்கப் போனால், பிறகு எதற்கடா அறுத்தீர்கள் என்று அழுகை முந்திக்கொண்டது.

வழக்குப் போட்டாள். நஷ்டஈடு பற்றி வக்கீலம்மா பேச்செடுத்தபோது அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இருந்ததா, இல்லையா? அதை ஒருவர் அதிகாரத்தோடு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அம்மாவுக்கு வந்தது உனக்கும் வரலாம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தி, அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு தன் உடம்பையே திருடனைத் தேடுவதுபோல் தடவிப் பார்க்கிறாள். அந்தப் பயத்தையாவது யாராவது அறுத்து எறியட்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை.

ஆஸ்பத்திரியோ இரண்டு வாயால் பேசியது. நோய் இருந்தது, துளியளவுதான், அது ஊசியிலேயே முழுசாக வந்துவிட்டதால்தான் மார்பில் காணோம் என்றது ஒரு வாய். அப்படி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்லிவிட்டோம், தெரிந்துகொண்டு இத்தனை வருஷம் சும்மா இருந்ததால் வழக்குப் போடும் கெடு தாண்டிவிட்டது என்றது மற்ற வாய். எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்தினார்கள்.

விசாரணையில் எதிர்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். “டாக்டர் ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொன்னப்ப உங்களுக்கு என்ன புரிஞ்சுது?”

எப்போதுமே இருந்ததில்லை என்று புரிந்ததாகச் சொன்னால், அன்றைக்கே தெரிந்தும் கெடு தாண்டி வழக்குப் போட்டதாகிவிடும். அவளுக்கு அது தெரியும். “இனிமே ஒண்ணும் இல்லன்னு புரிஞ்சுது” என்றாள். உண்மையும் அதுதான்.

“அப்ப, அதுக்கு முன்னாடி இருந்துச்சுன்னு நீங்களே நம்பியிருக்கீங்க.”

“இல்ல” என்றாள் பதறிப்போய்.

“எந்த ‘இல்ல’?” என்றார் அவர்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெளியே வந்ததும் வக்கீலம்மா கறாராகச் சொல்லிவிட்டார். தீர்ப்பு வரும்வரை ‘எனக்குப் புற்றுநோய் இருந்தது’ என்று வாய் தவறிக்கூட வரக்கூடாது. கடையிலோ, சொந்தக்காரர்களிடமோ, வேறெந்த ஆஸ்பத்திரியிலோ கூடாது. எங்கே பதிவானாலும் தோண்டி எடுத்து வந்து முன்னால் வைப்பார்கள், அதோடு எல்லாம் முடிந்தது.

தீர்ப்புக்குக் காத்திருந்த நாட்களில்தான் மகளுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். கத்தரியக்கா பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. பொறுமையாக அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இது பெரும்பாலும் பயப்படும்படி இருக்காது, சில மாதம் விட்டு மறுபடி பார்க்கலாம் என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

“குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா? அம்மாவுக்கு? இருந்திருந்தா இன்னைக்கே ஸ்கேனும் ஊசியும் எடுத்துடலாம்.”

அதே ஊசி. ஆமாம் என்றால் மகளையும் அந்த ஊசிக்குக் கொடுத்து, இத்தனை வருஷப் போராட்டத்தையும் தன் வாயாலேயே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. இல்லை என்றால் அந்தக் கட்டி மகளின் உடம்பில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். தனக்குப் புற்றுநோய் என்று முதலில் சொன்னது ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்?

மகளுக்கு வக்கீலம்மாவின் உத்தரவு தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே முந்திக்கொண்டாள். “அம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது டாக்டர்.”

டாக்டரம்மா எழுதக் குனிந்தார். கத்தரியக்கா வீங்கிய கையை நீட்டி அந்தக் காகிதத்தை மறைத்தாள்.

“இருந்துச்சு” என்றாள். “எழுதிக்கோங்க.”