அவ எழுதின வரி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரச் சேலைக்கடைக்காரர் பதில் சொல்லுமுன் எப்போதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "கடல் உப்பு, தம்பி" என்பார்.

எங்கே சேலை வாங்கலாம் என்று ஏஐயிடம் கேட்பவர்களுக்கு அவர் கடையும் தென்படும்படி இணையதளத்தைத் திருத்தப் போயிருந்தேன். ஒவ்வொரு சேலையின் கீழும், இறந்துபோன அவர் மனைவி எழுதிய குறிப்பு இருந்தது. "இதை உடுத்துக்கொண்டு போனா மாமியும் வாய் திறக்கமாட்டா." இயந்திரத்துக்கு இதெல்லாம் எதற்கென்று எல்லாவற்றையும் அழித்து, துணி, நிறம், நீளம் என்று நிரப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, "இப்ப கேட்டுப் பாருங்கோ அண்ணை" என்றேன். கைபேசியில் கேட்டார். அவர் கடைதான் முதலில் வந்தது.

"கெட்டிக்காரன். கடை வந்திட்டுது. அவ எழுதினது எங்க, தம்பி?"

நான் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தனை வரிகளில் அந்த மாமி வரி மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.