பெரியக்கா பாரிஸில் ஆறு பார்த்த கதை

2024 மார்ச் 9, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழும்பினேன். தேநீர் குடித்தபின் மொட்டைமாடியில் ஏறி, திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்களை எண்ணி, இரண்டு என்று நாட்குறிப்பில் எழுதினேன். துறைமுக அலுவலகத்தில் கப்பல்களின் வரவு, புறப்பாட்டு அட்டவணை தயாரிப்பது இருபத்தொன்பது வருடமாக என் வேலை. லீவு நாளிலும் கை சும்மா இருப்பதில்லை. எட்டு மணிக்கு, மனைவி வறுத்து மில்லில் அரைப்பித்த மிளகாய்த்தூளில் சரியாக ஒரு கிலோ நிறுத்து எடுத்தேன். அதை மூன்று பொலித்தீன் பைகளில் ஒன்றினுள் ஒன்றாகப் போட்டு, ஒட்டுநாடா சுற்றி, மேலே என் பள்ளித் தோழனின் பெயரை எழுதி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் பாரிஸில் இருக்கிறான்.

மே மாதம் மகனைப் பார்க்க ஜேர்மனிக்குப் போய், திரும்பும் வழியில் பாரிஸில் மூன்று நாள் நின்று ஊர் பார்ப்பதென்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். விசாவுக்கு விண்ணப்பம்கூட இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் கதை தெருவில் இறங்கிவிட்டது. முன்வீட்டு ரீச்சர் ஒரு பொதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படலையைத் திறந்தார். "பாரமில்லைத் தம்பி, ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ. கருவாடு மட்டுந்தான்" என்றார். பிடித்துப் பார்த்தேன். கருவாடு மட்டுமல்ல. மத்தியானத்துக்குள் அப்படி ஏழு பார்சல் சேர்ந்துவிட்டன.

எங்கள் ஊரில் பார்சல் என்பது பொருள் மட்டுமல்ல. ஒரு பார்சலை வாங்கினால் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் ஒரு நேரச் சாப்பாடு சாப்பிடவேண்டும். வெளிநாட்டுக்குப் போய்வந்த பலரிடம் அங்கே எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், யாருடைய பிள்ளை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். என் பெரியக்காவும் 2011இல் பாரிஸுக்குப் போய்வந்தவர்தான். ஆனால் அவர் அங்குள்ள ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவர் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. ஏனென்றால் அவருடைய மூன்று நாட்களையும் திட்டமிட்டவன் நான்.

பெரியக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எண்பதுகளில் திருகோணமலை ரெலிபோன் நிலையத்தில் வேலை செய்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். வீடுகளில் தொலைபேசி இல்லை. இன்ன நாள் இன்ன நேரம் எடுக்கிறேன் என்று மகன் கடிதம் போடுவான். தாய் அந்த நேரத்துக்கு நிலையத்துக்கு வந்து மர வாங்கில் குந்தியிருப்பார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வயர்களைச் செருகி, அங்கிருந்து வரும் குரலை இங்கிருக்கும் காதுக்குச் சேர்ப்பது அக்காவின் வேலை. ஊரில் பாதித் தாய்மாரின் பிள்ளைகளை அவர் முகம் தெரியாமலே குரலால் அறிவார்.

ஒரு நாள் குச்சவெளியிலிருந்து வரவேண்டிய ஒரு தாயின் பஸ் பிந்திவிட்டது. மகன் பாரிஸிலிருந்து எடுத்துவிட்டான். "வைச்சிடாதையும் தம்பி, இப்ப வந்திடுவா" என்று அக்கா அவனைப் பிடித்து வைத்திருந்திருக்கிறார். கதைக்க ஒன்றுமில்லாமல் அவன், "அக்கா, நான் ஆத்தடியிலை இருக்கிற ரெலிபோன் பெட்டிக்கை நிண்டு எடுக்கிறன். தண்ணிச் சத்தம் கேக்குதோ?" என்று கேட்டானாம். அக்காவுக்குக் கேட்டது வழக்கமான இரைச்சல் மட்டும். "ஓம் தம்பி, வடிவாக் கேக்குது" என்று சொல்லிவிட்டார். தாயும் வந்து சேர்ந்து கதைத்தார். அக்கா இந்தக் கதையை எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கடைசியில், "ஒரு நாளைக்கு அந்த ஆத்தடியிலை போய் நிண்டு கேக்கவேணும். சொன்ன பொய் சொன்னதாய்க் கிடக்குது" என்பார்.

2011இல் அவருடைய கணவரின் தங்கை மகளுக்குப் பாரிஸில் கலியாணம் நடந்தது. கலியாணம் முடிந்து விமானம் ஏறும்வரை மூன்று நாள் மிச்சம். அக்கா என்னிடம் வந்து, "தம்பி, எனக்கு அந்த ஆறு மட்டும் போதும். நீ பாத்துத் திட்டம் போட்டுத் தா" என்றார். அதற்குள் அவர் வீட்டில் பத்தொன்பது பார்சல் குவிந்திருந்தது. குரல் சேர்த்துக் கொடுத்த அக்காவுக்கு எந்த வீட்டுக்கு இல்லையென்று சொல்ல முடியும்? நான் இரண்டு கிழமை இருந்து திட்டம் போட்டேன். சுரங்க ரெயில் பாதைகளைக் கலர்ப் பென்சிலால் கீறி, பத்தொன்பது வீடுகளையும் பாதை வாரியாகப் பிரித்தேன். ஒரு கப்பல் வெளியேறும் முன் அடுத்ததை உள்ளே விடாத அதே ஒழுங்கில் நேரம் ஒதுக்கினேன். மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு மணி தொடக்கம் நாலரைவரை முழுவதும் ஆறு. பிறகு விமான நிலையம். இருபதாவதாக என்னுடைய பார்சல் ஒன்றும் இருந்தது: என் தோழனுக்கு ஒரு கிலோ தூள்.

திரும்பி வந்தவரிடம் ஆறு எப்படி என்று கேட்டேன். "கொட்டியாறுக் குடாவைப் பார்த்த கண்ணுக்கு அது வாய்க்கால் மாதிரி. தண்ணி பச்சை" என்றார். ஆறு பச்சை, அகலம் குறைவு என்று அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். அவர் திருப்பித் தந்த தாளை விரித்தும் பார்க்காமல் கோப்பில் போட்டேன்.

அந்தத் தாளைத்தான் சனிக்கிழமை மத்தியானம், எங்கள் மூன்று நாளுக்கு உதவும் என்று எடுத்து விரித்தேன். அக்கா ஒவ்வொரு வரிக்கும் நேரே நீலப் பேனையால் சரி போட்டிருந்தார். இருபது வீட்டுக்கும் இருபது சரி. ஆறு என்ற வரிக்கு நேரே ஒன்றுமில்லை.

இரண்டரை மணிக்குத் தோழனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே காலை பத்து மணி. கேட்டதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்டைக்கு மச்சான், உன்ரை அக்கா வாசல்லை நிண்டபடி தூளைத் தந்திட்டு, 'நான் போகவேணும் தம்பி, ஆத்தைப் பாக்கவேணும்' எண்டா. நாங்கள் விடுவமே? என்ரை மனுசி ஆட்டிறைச்சி காய்ச்சி வைச்சவள். இருக்கமாட்டன் எண்டு நிண்டா. இவள் என்ன செய்தவள் தெரியுமே? வாசல்லை கழட்டி வைச்ச சப்பாத்தைத் தூக்கிக் குசினிக்கை ஒளிச்சுப்போட்டாள்! பிறகென்ன, அஞ்சு மணிக்குத்தான் விட்டனாங்கள். நேரே எயார்போட்."

"அப்ப ஆறு?"

"வரேக்கை ரெயில் பாலத்தாலை வந்தது தானே. கண்டனான் எண்டு சொன்னவ. தண்ணிதானே மச்சான், எங்கையும் தண்ணிதான்."

நானும் அவனோடு சேர்ந்து சிரித்து வைத்தேன். பிறகு தாளைத் திரும்பப் பார்த்தேன். மூன்றாம் நாள், 1.00 முதல் 1.20 வரை, தோழன் வீடு. பக்கத்தில் 'போகும் வழியில்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அது எந்த வழியிலும் இல்லை, ஒரு பாதையின் கடைசித் தரிப்பிடம் என்று எனக்கு அன்றும் தெரியும். அந்த இருபது நிமிடத்தை எழுதிய நான், என் வாழ்நாளில் எந்த வீட்டிலிருந்தும் இருபது நிமிடத்தில் எழும்பி வந்தவனல்ல.

நாலு மணிக்கு மோட்டார்சைக்கிளில் பாலையூற்றுக்குப் போனேன். அக்கா விறாந்தையில் கதிரை போட்டு, மடியில் சுளகை வைத்துப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். ஒரு காலை நீட்டியபடி. முழங்கால் இப்போது மடங்குவதில்லை.

"அக்கா, நீங்கள் ஆத்தைப் பாக்கேல்லை, என்ன?"

"ஆர் சொன்னது? பாத்தனான். பாலம் எவ்வளவு நீளமோ, அவ்வளவும் பாத்தனான்."

"அப்ப ஏன் சரி போடேல்லை?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகே தாளைப் பாத்தனீ?" என்று சிரித்தார். பிறகு, "நிண்டு கேக்கேல்லைத் தானே. அதுக்கு எப்பிடிச் சரி போடுறது?" என்றார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு கிழமை இருந்து கலர் கலராக் கீறித் தந்தனீ. ஆறு தவறிப்போச்சு எண்டு சொன்னா நீ அந்தத் தாளை எங்கை கொண்டுபோய் வைப்பாய்? அதோடை அந்தப் பிள்ளை நல்லாச் சமைச்சவள். பொய் சொல்லப்படாது. சப்பாத்தை ஒளிச்சதுதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மேயிலை எங்களோடை வாங்கோ" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. இந்த முழங்காலோடையோ?"

"நடக்கத் தேவையில்லை. ஆத்தடிக்குக் கிட்ட ஒரு அறை. மூண்டு நாளும் ஆறுதான். ஒரு வீட்டுக்கும் போறேல்லை."

"ஒரு வீட்டுக்கும்?"

"ஒரு வீட்டுக்கும்."

"உன்ரை சிநேகிதன் வீட்டுக்கு?"

"அங்கையும் இல்லை."

"கோவிப்பான்."

"கோவிக்கட்டும்."

அக்கா பயற்றங்காயை ஒரே அளவாக முறித்துச் சுளகில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா தந்த தேநீர் முடியுமட்டும் இருந்தேன். படலையடிக்கு வந்து மோட்டார்சைக்கிளை இயக்கப்போனபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தம்பி, விசாவுக்கு எத்தனை படம் குடுக்கவேணும்? பழைய படம் எடுபடுமோ?"

"எடுபடாதக்கா. புதுசு வேணும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து புதிய தாள் ஒன்று எடுத்தேன். முதலாம் நாள், ஆறு. இரண்டாம் நாள், ஆறு. அக்கா விரும்பினால் கோபுரம், கீழே நின்று. மூன்றாம் நாள், ஆறு. நேரம் எதுவும் போடவில்லை. நான் தயாரித்த அட்டவணைகளிலேயே சிறியது அது.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். மொட்டைமாடிக்கு ஏறவில்லை. தோழனின் பெயர் எழுதிய பார்சலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், ஒட்டுநாடாவைக் கத்தியால் கீறி, மூன்று பைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, தூளைத் திரும்பவும் தகர ரின்னுக்குள் கொட்டினேன். அடுத்தடுத்து நாலு தும்மல் வந்தது. சத்தம் கேட்டு மனைவி எழும்பி வந்து வாசலில் நின்றார்.

"என்னப்பா, விடியக்காலமை என்ன செய்யிறியள்?"

"பார்சல் திருப்பிக் குடுக்கிறன்" என்று சொல்லி ரின்னை மூடினேன். மற்ற ஏழு வீட்டிலும் அந்நேரம் யாரும் எழும்பியிருக்கமாட்டார்கள்.